மேய்ப்பரும் மனேச்சரும்: ஈழத்துத் திருச்சபைத் தலைமை குறித்துச் சில வினாக்கள்

திருச்சபைத் தலைமையைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு வழங்கி வருகின்றது. இறைவனால் அழைக்கப்பட்ட ஊழியரை விமர்சிக்க விசுவாசிகளுக்கு உரிமையில்லை என்பது ஒன்று. சமயத் தலைவர் யாவரும் ஆளும் வர்க்கத்தின் கையாட்களே, ஆகவே அவர்களிடம் எதையும் எதிர்பார்ப்பதே பேதைமை என்பது மற்றொன்று. முன்னையது ஆலய வளவுகளிற் கேட்பது. பின்னையது பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலைகளிற் கேட்பது. ஒன்றையொன்று பகைக்கும் இவ்விரு கூற்றுக்களும் ஈற்றில் ஒரே பணியைத்தான் செய்கின்றன. ஆயரோ பேராயரோ போதகரோ பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி எதுவும் அவர் முன் வைக்கப்படாமற் பார்த்துக்கொள்கின்றன.

அக்கேள்வியை வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அரசை நோக்கி ஒரு தலைவர் எத்துணை உரத்துப் பேசினார் என்பதைக் கொண்டு அவரை மதிப்பிட நாம் பழகிவிட்டோம். அம்மதிப்பீடு தவறென்று கூற வரவில்லை. அது போதாது என்கிறோம். தம்மைத் தெரிவு செய்து, காணிக்கையிட்டு, மாலை சூட்டித் தாங்கி நிற்கும் தம் சொந்தச் சனத்தை நோக்கி, அச்சனம் கேட்க விரும்பாததை அவர் எப்போதாவது வெளிப்படச் சொன்னாரா? இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்குமிடத்து, ஈழத்துத் தமிழ்த் திருச்சபைகளின் தலைமை, ஒரு சில விதிவிலக்குகள் நீங்கலாக, தேறவில்லை என்பதே எமது துணிபு. கிறிஸ்தவரல்லாத வாசகர் இதனைத் தமக்குத் தொடர்பற்ற வீட்டுச் சண்டையென ஒதுக்க வேண்டியதில்லை. கடந்த இரு நூற்றாண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் தோன்றிய பாடசாலை, அச்சகம், மருத்துவமனை ஆகியவற்றின் வரலாற்றைத் திருச்சபையை நீக்கிவிட்டு எழுத இயலாது. அங்கு உருவான தலைமை மாதிரியின் சாயல் நமது ஏனைய நிறுவனங்களிலும் படிந்திருப்பதை, பல்கலைக்கழகத்தையும் உட்படுத்தியே, எவரும் காணலாம்.

அம்மாதிரி எங்ஙனம் உருவாயிற்று என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். மெதடிஸ்த மிஷனரிமார் 1814 இலும் அமெரிக்க மிஷனரிமார் 1816 இலும் யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கினர். கத்தோலிக்க அமலமரித் தியாகிகள் சபையினர் 1847 இல் வந்தனர். பிரசங்கத்தைக் கேட்டு வந்தோர் சிலர். பள்ளிக்கூடத்தை நாடி வந்தோரோ மிகப் பலர். 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியும் 1824 இல் உடுவிலில் மகளிர் பாடசாலையும் எழுந்தன. கல்வியின் வழியே சமயம் பரப்பப்பட்டமையாற் குருவானவர் ஒரே வேளையிற் போதகராகவும் பாடசாலை முகாமையாளராகவும் விளங்க நேர்ந்தது. ஊரார் வாயில் அவர் ‘மனேச்சர்’. ஆசிரியரை நியமிப்பவர் அவர். மாற்றுபவரும் நீக்குபவரும் அவரே. அரசாங்கம் நன்கொடைப் பணத்தை வழங்கிற்று. அதிகாரம் மனேச்சரின் மேசையில் இருந்தது. ஞானஸ்நானத்துக்கும் உத்தியோகத்துக்குமிடையே நிலவிய உறவை ஆறுமுக நாவலர் காலந்தொட்டே சைவர் எள்ளி நகையாடி வந்தனர். அந்த நகையாடலில் உண்மை சிறிதும் இல்லையென்று நெஞ்சறியச் சொல்லத்தக்க கிறிஸ்தவர் எவரும் இருப்பதாகத் தோன்றவில்லை.

மனேச்சர் பதவி தலைமைக்கு இரண்டு பழக்கங்களை ஊட்டிற்று. உத்தியோகத்துக்காகக் காத்திருப்போர் அவரிடம் உண்மை பேசமாட்டார்கள் என்பதால் விமர்சனத்தைக் கேட்கும் பழக்கம் அவருக்கு ஏற்படவேயில்லை. காணியும் பிள்ளைகளும் தந்து பள்ளிக்கூடத்தை நிலைநிறுத்துவோர் ஊரின் செல்வாக்குள்ள குடும்பத்தினராகையால், அவர்களுக்கு உண்மை சொல்லும் பழக்கமும் அவருக்கு ஏற்படவில்லை. கீழிருந்து வருவதைக் கேளாமையும் மேலிருப்போர்க்குச் சொல்லாமையும் இவ்வாறு ஒரே நாற்காலியில் வந்து அமர்ந்தன.

1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகியபோது யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயராகச் சபாபதி குலேந்திரன் பொறுப்பேற்றார். 1950 இல் எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை யாழ்ப்பாணக் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் முதற் சுதேச ஆயரானார். அந்நியர் கையிலிருந்த செங்கோல் நம்மவர் கைக்கு வந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த துணைச்சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின்கீழ்க் கொணர்ந்தபோது அச்செங்கோலின் பெரும்பகுதி பறிபோயிற்று. தெற்கிற் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டிடங்களுக்குட் குடியிருந்தே எதிர்ப்புக் காட்டினர். அரசின் உள்நோக்கம் எதுவாயினும் ஆகுக. மனேச்சர் நாற்காலியிலிருந்து குருவானவரை எழுப்பி மீண்டும் மேய்ப்பராக்கும் வாய்ப்பொன்றை அச்சட்டம் அறியாமலே நல்கிற்று. அவ்வாய்ப்பை எடுத்துக்கொண்டோர் அரிதினும் அரிது. கைவசம் எஞ்சிய தனியார் பாடசாலைகள், விடுதிகள், மருத்துவமனைகள், தோட்டக் காணிகள், வாடகைக் கட்டிடங்கள் ஆகியவற்றின் பக்கமாக நாற்காலி திருப்பிப் போடப்பட்டது, அவ்வளவே. போருக்குப் பின்னர் வெளிநாட்டு நிதியிலான ‘திட்டங்கள்’ வந்தன. இன்று போதகர் பலர் பிரசங்கம் எழுதுவதிலும் பார்க்கத் திட்ட அறிக்கை எழுதுவதிற் கூடிய நேரம் செலவிடுகின்றனர்.

இவ்விடத்தில் நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு சாதாரண கிராமத்துக் குருவானவரின் நாளாந்த வாழ்வு பொறாமைக்குரியதன்று. மூன்று நான்கு ஆலயங்கள் அவர் பொறுப்பில் இருக்கும். விடியற்காலையில் ஒரு வழிபாடு. அதன் பின் மரணவீடு. நண்பகலிற் காணித் தகராறு ஒன்றுக்கு மத்தியஸ்தம். பின்னேரம் நோயாளரைச் சந்தித்தல். இரவிற் கட்டிடக் குழுக் கூட்டம். இடையிற் காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கு ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தல் வேண்டும். சம்பளம் சொற்பம். மாற்றம் எப்போது வருமென்பது தெரியாது. பிள்ளைகளின் படிப்பு அதற்கேற்ப அலையும். ஊரில் எவர் வீட்டுக்கு முதலிற் போனார், எவர் வீட்டிற் சாப்பிட்டார் என்பதெல்லாம் கணக்கு வைக்கப்படும். இத்தகைய ஒருவரிடம் தீர்க்கதரிசியாகவும் விளங்குமாறு நாம் கேட்பது கொடுமையெனச் சிலர் கூறுவர். ஆனாற் கிராமத்துக் குருவானவரைப் பற்றியதன்று எமது வழக்கு. அவர் பேசினால் அவரைக் காக்க வேண்டியவரும், அவர் பேசாதிருக்கும்போது தாமே பேச வேண்டியவருமான மேலதிகாரியைப் பற்றியது.

போர்க்காலம் இப்பதவியிடம் எதைக் கேட்டது என்பதற்குச் சான்று வேண்டுவோர் பெயர்களை எண்ணிப் பார்க்கலாம். மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் மன்னார்ப் பகுதியிற் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, 1985 சனவரியில், வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். 1988 யூனில் மட்டக்களப்பிற் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் உயிர் பறிக்கப்பட்டது. 1990 ஓகஸ்டில் அமெரிக்க இயேசு சபைத் துறவியான யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிற் காணாமற்போனார். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் காணாமற்போனார். 2008 ஏப்ரலிற் கருணாரத்தினம் அடிகளார் வன்னியில் கிளைமோர்த் தாக்குதலிற் பலியானார். 2009 மே 18 இற் சரத்ஜீவன் அடிகளார் முள்ளிவாய்க்காலிலிருந்து மக்களோடு வெளியேறும் வேளையில் உயிர்நீத்தார். அதே நாட்களிற் சரணடைந்தோரோடு சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் திரும்பி வரவேயில்லை. இவர்களுட் கொன்றவர் அனைவரும் ஒரே தரப்பினர் அல்லர் என்பதையும் வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். இவர்கள் எவரும் ஆயரோ பேராயரோ அல்லர் என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம்.

ஆயர் ஒருவர் இப்பதவியின் தகைமையை நிலைநாட்டிய சந்தர்ப்பமும் உண்டு. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தற் கணக்கைச் சமர்ப்பித்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோரெனக் கச்சேரிகள் பதிந்த தொகை 4,29,059. போர் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் தொகை 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். அங்கே ஆவேச உரை இல்லை. அரசாங்கத்தின் இலக்கங்களையே அரசாங்கத்தின் முன் வைத்து அவர் விளக்கம் வேண்டினார். அவ்வினாவுக்கு நிறைவான விடை அளிக்கப்படவில்லை. ஒரு சமயத் தலைவர் கணக்கெழுதும் இலிகிதரைப் போல நிதானமாக நின்று சான்று பகர்ந்த அச்செயலை ஈழத்துத் திருச்சபை வரலாற்றின் உயர்ந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாகக் கருதுவதில் எமக்குத் தயக்கமில்லை.

இதுவரை கூறியதைக் கேட்டுத் தமிழ் வாசகர் எவரும் தலையசைப்பர். ஏனெனில் இதுவரை குற்றவாளி வேறிடத்தில் இருந்தான். இனித்தான் வழக்கின் கடினமான பகுதி வருகின்றது.

1983 யூலைக் கலவரத்தின்போது அங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் அத்தியட்சராக இருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. செல்வாக்குமிக்க சிங்களக் குடும்பத்தைச் சார்ந்தவர். 1962 இல், தமது 35 ஆவது வயதிலேயே, அத்தியட்சராக அபிஷேகம் பெற்றவர். கலவரம் நிகழ்ந்த வேளையில் வெளிநாட்டிலிருந்த அவர் திரும்பி வந்து அகதிகளையும் பாதிக்கப்பட்ட இடங்களையும் பார்த்தார். பின்னர்த் தமது ஆதீனப் பேரவையில் ஆற்றிய உரையில், நிகழ்ந்தவற்றுக்காகச் சிங்கள மக்கள் வெட்கித் தமிழரிடம் மன்னிப்புக் கோர வேண்டுமென வெளிப்படையாகக் கூறினார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அவர் காலமானார். அவருரையைக் கேட்டோர் பெரும்பாலும் சிங்களவர். அவருடைய வருமானமும் மதிப்பும் அவர்களிடமிருந்தே வந்தன. தமிழருக்கு ஆதரவாகப் பேசியமைக்காக அவரை நாம் போற்றுகிறோம். அதனினும் மேலானது, தம்மவரை நோக்கித் தம்மவரின் குற்றத்தைக் கூறிய அந்தத் துணிவு.

தெற்கில் அவ்வுரை வழக்கமாகிவிடவில்லை. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை 2012 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீதான தீர்மானம் வந்தபோது அதனைத் தேவையற்ற வெளித்தலையீடென எதிர்த்தார். 2019 ஏப்ரல் 21 இல், உயிர்த்த ஞாயிறன்று, கட்டுவாப்பிட்டியவிலும் கொச்சிக்கடையிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. உள்நாட்டு விசாரணைகளில் நம்பிக்கையிழந்த அவர் 2022 மார்ச்சில் அதே ஜெனீவாப் பேரவையின் முன் நீதி கோரினார். குண்டுவெடிப்பை அடுத்த நாட்களில் முஸ்லிம்கள்மீது கத்தோலிக்கர் பழிவாங்காதிருக்க அவர் விடுத்த வேண்டுகோள் பல உயிர்களைக் காத்தது என்பதை மறப்பதற்கில்லை. எனினும் 2012 இல் அந்நியமாகத் தோன்றிய வாசற்படி, தம் மந்தை பலியானபோது நியாயமானதாகத் தோன்றிற்று. இதனைச் சுட்டிக்காட்டி மகிழ்வது தமிழருக்கு எளிது. நமது முற்றத்தைப் பார்ப்போம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். 70,000 இற்கும் மேற்பட்டோர் பிறந்த மண்ணை விட்டுச் சென்றனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. தமிழர் நெஞ்சிலே ஈரம் இருந்தது. மன்னாரிற் கத்தோலிக்கர் அயலவருக்காகப் பரிந்து பேசியதுண்டு. ஆனால் அதன்பின் வந்த ஞாயிறுகளில் வடக்கின் பிரசங்க பீடங்களிலிருந்து, இது நாம் செய்த பாவம், நமது பெயரால் நிகழ்ந்த பாவம் என்ற குரல், 1983 இற் குருநாகல் அத்தியட்சர் எழுப்பிய அளவில் எழவில்லை. பிள்ளைகள் போருக்குப் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்டுகளிலும் நிலைமை இதுவே. குருமார் பலர் இயக்க அலுவலகங்களுக்குத் தனித்துச் சென்று மன்றாடினர். 2009 இன் முற்பகுதியில் வலைஞர்மடம் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த இளைஞரை இயக்கத்தினர் பலவந்தமாக இழுத்துச் சென்றபோது அங்கிருந்த குருமார் கைகட்டி நிற்கவில்லை. களத்திலிருந்த குருவானவர் தம்மாலியன்றதைச் செய்தார். ஆதீனங்களும் மறைமாவட்டங்களும் வெளியிட்ட அறிக்கைகளிலோ, அரசைக் கண்டிக்கும் பந்திகள் நிமிர்ந்து நின்றன. நம்மவரைக் குறிக்கும் பந்திகள் ‘சகல தரப்பினரும்’ என்ற சொற்றொடருக்குள் ஒளிந்துகொண்டன.

பேசியிருந்தாற் கொன்றிருப்பார்கள் என்பது விடையாக வரும். உண்மைதான், கொன்றார்கள். 1989 செப்டெம்பர் 21 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம திருநெல்வேலியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த அவர் திருச்சபையில் எப்பதவியும் வகித்தவரல்லர். எவரும் அவர் கையில் மேய்ப்பனின் கோலைக் கொடுக்கவில்லை. இந்திய இராணுவம், இயக்கங்கள், அரசு என எவரையும் விடாது பதிவு செய்தார். பதவியற்ற ஒரு விரிவுரையாளர், இரு சிறு பெண்பிள்ளைகளின் தாய், செலுத்திய விலையைப் பதவியாளர் செலுத்த வேண்டுமென நாம் கட்டளையிட முடியாது. உயிரச்சத்தை மன்னிக்கலாம். அச்சம் நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் நீடிக்கும் மௌனத்துக்கு வேறு பெயர் தேட வேண்டும். 2009 இற்குப் பின் எந்தத் துப்பாக்கி அவர்களைத் தடுக்கின்றது?

துப்பாக்கி எக்காலத்திலும் தடுத்திராத ஒரு விடயம் உண்டு. அது சாதி.

திருச்சபையின் ஆதி வரலாற்றில் இரு தலைவர்கள் முகத்துக்கு முகம் மோதிக்கொண்டது எதற்காக என்பதைப் புதிய ஏற்பாட்டை வாசித்தோர் அறிவர். அந்தியோகியாவிலே பேதுரு யூதரல்லாத விசுவாசிகளுடன் ஒரே பந்தியில் உண்டு வந்தார்; எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரைச் சபையோர் அனைவர் முன்னிலையிலும் கண்டித்தார். தலைமை அப்போஸ்தலரே ஆயினும், யாருடன் அமர்ந்து உண்பது என்ற விடயத்தில் வழுவினால் அவரைப் பகிரங்கமாகத் திருத்தலாம் என்பது அந்நிகழ்ச்சி வகுத்த விதி. இதனை ஒரு யாழ்ப்பாணக் கிராமத்திற் கற்பனை செய்து பார்க்கும் வாசகருக்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இவ்விதியைப் பின்பற்ற முயன்றவர் கண்ட விலையையும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு பதிந்துள்ளது. கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன் 1833 இல் தென்னிந்தியச் சபைகளிற் சாதி வேறுபாட்டை உடனடியாக ஒழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் கூட்டங்கூட்டமாக விலகினர். சிறந்த கிறிஸ்தவக் கவிஞராகிய வேதநாயக சாஸ்திரியாரே சாதியாசாரத்தைக் காக்கும் அணியில் நின்றார். வில்சன் ஆங்கிலேயர், தமிழ்ச் சமூகத்தை அறியாதவர், அவரது அணுகுமுறையில் ஏகாதிபத்திய இறுமாப்பும் கலந்திருந்தது. இவையனைத்தையும் ஒப்புக்கொள்ளலாம். எனினும் தம் சபை பாதியாய்க் குறையுமென்று அறிந்தே அவர் எழுதினார். அவ்வாறு எழுதிய தமிழ்த் தலைவர் ஒருவரை எடுத்துக்காட்டுமாறு கேட்டால் நாம் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கின்றது.

ஈழத்திலே அப்பணியைப் பெரும்பாலும் அங்கியணியாதோரே செய்தனர். 1924 இல் யாழ்ப்பாணக் கல்லூரிச் சூழலிற் பிறந்த மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகியது. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் அதன் மாநாடுகளிற் சகல சாதியினரும் ஒரே பந்தியில் அமர்ந்துண்ண வழிசெய்தனர். 1920களின் இறுதியில் நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் கட்டாயமாக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்திற் கொதிப்பெழுந்தது. பள்ளிக்கூடங்கள் சில எரியூட்டப்பட்டன. தாழ்த்தப்பட்ட பிள்ளையை வாங்கில் இருத்துவதா நிலத்தில் இருத்துவதா என்பதை ஆண்டவரின் பெயரால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பள்ளி நடத்தியோர் தாமாகத் தீர்த்திருக்க வேண்டும். குடியேற்ற அரசின் கல்வித் திணைக்களம் அதனைத் தீர்க்க நேர்ந்தமை திருச்சபைத் தலைமைக்கு வரலாறு வழங்கிய சான்றிதழ்; அதனை எந்த ஜூபிலி மலரிலும் அச்சிட்டதாக நாம் காணவில்லை.

இன்று நிலத்தில் இருத்துவோர் இல்லை. நற்கருணைக் கிண்ணமும் ஒன்றே. ஆனாற் கலியாணப் பேச்சு வரும்போது குருமனையின் திண்ணையிலேயே என்ன விசாரிக்கப்படுகின்றது என்பதும், எந்த ஊர் ஆலயச் செயற்குழுவில் எத்தெருவார் இதுவரை இடம்பெறவில்லை என்பதும், அருகருகே இரண்டு ஆலயங்கள் ஏன் எழுந்தன என்பதும் ஊரறிந்தவை. ஆலயம் கட்டியோரின் பெயர்ப் பலகையைச் சலவைக்கல்லிற் பொறித்து வாசலிற் பதிக்கும் தலைமை, அக்கல்லின் அடியிற் புதைந்திருப்பதைப் பற்றிப் பேசாது. அரசாங்கம் தமிழரை இரண்டாந்தரப் பிரசைகளாக நடத்துகின்றது என முழங்கும் பிரசங்கியார், இறங்கி வந்து தமது சபையின் இரண்டாந்தரத்தாரை வாசலில் நின்று கைகுலுக்கி வழியனுப்புகின்றார்.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? தனிமனிதரின் கோழைத்தனம் எனக் கூறி முடித்துவிடுதல் சமூகவியல் நோக்காகாது. தலைவர் உருவாகும் முறையிலேயே இதற்கான விடையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. புரட்டஸ்தாந்து சபைகளில் ஆதீனப் பேரவையின் வாக்கே பேராயரை உருவாக்குகின்றது. வாக்கு உள்ள இடத்திற் குடும்பமும் ஊரும் சாதியும் அணிவகுக்கும். அவ்வணிகளின் தோளில் ஏறி வந்தவர் அவற்றைக் கண்டிக்க வேண்டுமாயின் முதலிற் கீழே இறங்க வேண்டும். தோற்ற அணி நீதிமன்றம் செல்லும். திருச்சபை விவகாரம் வழக்குமன்றில் முடங்குவது நம் நாட்டுக்குப் புதிதன்று. இலங்கையின் புரட்டஸ்தாந்து சபைகள் இணைந்து ஒரே திருச்சபையாக வேண்டிப் பல ஆண்டுகள் உழைத்து வகுத்த திட்டமே 1970களின் தொடக்கத்தில் வழக்கொன்றினால் நின்றுபோயிற்று. கத்தோலிக்கத்தில் ஆயரை நியமிப்பது றோமாபுரியாகையால் வாக்குவேட்டை இல்லை. ஆயினும் அங்கே பொறுப்புக் கூறல் மேல் நோக்கியே செல்கின்றது. 75 வயதில் தம் விலகற் கடிதத்தை எழுதும்போதும் அவர் பாப்பரசருக்குத்தான் எழுதுகின்றார். ஒருவர் மக்களுக்கு அஞ்சிப் பேசாதிருக்கிறார். மற்றவருக்கோ மக்களிடம் பேச வேண்டிய கட்டாயமே இல்லை.

இதன் மேல் புலம்பெயர்ந்தோர் பணம் வந்து சேர்ந்திருக்கின்றது. லண்டனிலும் ரொறன்ரோவிலுமிருந்து வரும் நிதி இடிந்த கோவில்களை எழுப்பிற்று. அதற்கு நன்றி கூறவேண்டும். ஆனால் அப்பணத்தோடு 1980களிற் புறப்பட்டுச் சென்ற ஊரின் படமொன்றும் கூடவே வருகின்றது. எந்தக் குடும்பத்துக்கு முன்வரிசை, எவர் கொடியேற்றுவது என்பவை அப்படத்தில் மாறாமல் இருக்கின்றன. இங்கே இளைஞர் மாற்ற விழைவதை அங்கிருந்து வரும் காசோலை மாற்றவிடாது. இத்தகைய நன்கொடையொன்றைத் திருப்பி அனுப்பிய தலைவர் எவரேனும் இருப்பின் அவர் பெயரை இச்சஞ்சிகையின் அடுத்த இதழில் யாராவது எழுதட்டும்.

கசப்பானதைச் சொன்னாற் சபை பிளவுபடும், புதிதாக முளைத்துள்ள சுயாதீன சபைகளுக்கு ஆட்கள் போய்விடுவர் என்ற வாதமும் உண்டு. ஆட்கள் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கின்றனர். போகின்றவருட் பலர், பழைய சபையிற் பரம்பரையாகப் பின்வாங்கில் இருந்தோரே. அவர்கள் அங்குப் போவது உபதேச வேறுபாட்டினால் என்று விளக்குவது தலைமைக்கு வசதியானது. புதிய சபையில் எவரும் அவர்களிடம் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை என்பது உபதேசத்திலும் எளிய காரணம். புதிய சபைகளின் போதகர் தாமே சர்வாதிகாரியாக விளங்கும் குறை தனி. அதை ஆராய இங்கே இடமில்லை.

இவையனைத்தும் திருத்தமுடியாதவையல்ல. இப்பல்கலைக்கழகத்துக்கு மிக அண்மையில், பிலிமத்தலாவையில், 1963 தொடக்கம் இயங்கி வரும் இலங்கை இறையியற் கல்லூரியில் வெவ்வேறு சபைகளின் தமிழ், சிங்கள மாணவர் ஒரே கூரையின்கீழ்ப் பயில்கின்றனர். வருங்காலப் போதகர் தம்மவரின் குற்றத்தை அயலவரின் கண்ணால் நோக்கப் பழகுவதற்கு இதனினும் வாய்ப்பான இடம் நாட்டில் இல்லை. 1972 இற் கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, பழைமையும் வசதியும் மிக்க அம்மறைமாவட்டத்தை விட்டுப் புதிதாக அமைக்கப்பட்ட பதுளைக்குச் சென்றார். மலையகத் தொழிலாளரும் ஏழைக் கிராமத்தவரும் வாழும் பகுதி அது. ஆயர் பதவியில் ஏறிச் செல்லவே வழி உண்டு என எண்ணியிருந்தோருக்கு இறங்கிச் செல்லவும் வழி உண்டென்பதை அவர் காட்டினார்.

ஆகவே எமது கோரிக்கைகள் வானத்திலிருந்து இறங்கி வந்தவையல்ல. ஆதீனங்களும் மறைமாவட்டங்களும் தமது காணி, கட்டிடம், வெளிநாட்டு நிதி ஆகியவற்றின் கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஆலய வாசலிலும் ஒட்டல் வேண்டும். சொத்து நிர்வாகத்தைத் தகுதி வாய்ந்த பொதுநிலையினரிடம், அவர்களுட் பாதிப்பேரேனும் பெண்களாக இருக்க, ஒப்படைத்துவிட்டுக் குருவானவர் மனேச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருத்தல் வேண்டும். 1990 வெளியேற்றம் குறித்து வடக்கின் திருச்சபைத் தலைவர்கள், ‘சகல தரப்பினரும்’ என்ற சொற்றொடர் இடம்பெறாத ஒரு கூட்டறிக்கையை எழுதி, யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் மீண்டுவந்து குடியேற இன்னும் இடர்ப்படும் முஸ்லிம் குடும்பங்களின் கையிலே நேரிற் சென்று கொடுத்தல் வேண்டும். அடுத்த முறை பேராயர் பதவிக்குப் பெயர்கள் முன்மொழியப்படும்போது, வேட்பாளரின் பட்டங்களையும் அவர் கட்டிய மண்டபங்களையும் வாசித்து முடித்த பின், பேரவையின் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞனோ யுவதியோ எழுந்து, ஐயா, தாங்கள் ஊழியஞ்செய்த சபைகளில் எந்தச் சபையாவது தாங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தங்கள்மீது கோபித்துக்கொண்டதுண்டா, எதற்காக, என்று கேட்டுப் பதிலைக் கூட்டக் குறிப்பிற் பதியச் சொல்லுதல் வேண்டும்.